சோதனை தோற்கும் நேரத்தில் துணை நிற்பவை
(பெர்ல் வலைச்செயலிகளுக்கான சோதனைக் கருத்தரங்கின் தலைமை உரை)

 

இன்று நாம் பேச வந்திருப்பது பெர்ல் மொழியில் அமைந்த வலைச்செயலிகளைச் சோதிக்க நாமே எழுதிக்கொள்ளும் உதவிச் செயற்கூறுகளைப் பற்றி. அமர்வுகள் தொடங்குமுன் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சோதனைக்கான உதவிச் செயற்கூறு எதுவாயினும், அது தோற்கப்போகும் நாளை மனத்தில் வைத்தே எழுதப்பட வேண்டும். சோதனைகள் எல்லாம் தேறும்போது நல்ல உதவிக்கும் மோசமான உதவிக்கும் வேறுபாடு தெரியாது. ஏதோ ஒன்று உடையும் நாளில்தான் தெரியும். அன்று அதன் முன் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அதை எழுதியவராக இருக்கமாட்டார்.

இந்த எண்ணம் பெர்லுக்குப் புதிதல்ல. லாரி வால் 1987 டிசம்பரில் பெர்லின் முதல் பதிப்பை வெளியிட்டபோதே அதனுடன் ஒரு சோதனைக் கோப்புறையும் வந்தது. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றும் முதலில் எத்தனை சோதனைகள் என்று அறிவிக்கும். பிறகு வரிக்கு ஒன்றாக 'ஓகே' என்றோ 'நாட் ஓகே' என்றோ எண்ணுடன் அச்சிடும். மனிதனும் படிக்கலாம், நிரலும் படிக்கலாம். பிற்காலத்தில் 'டேப்' எனப் பெயர் பெற்று மற்ற மொழிகளுக்கும் பரவிய நெறிமுறை அந்த எளிய வடிவத்திலிருந்து வளர்ந்ததுதான்.

2001-இல் மைக்கேல் ஷ்வெர்ன் 'டெஸ்ட்::சிம்பிள்', 'டெஸ்ட்::மோர்' ஆகிய மாட்யூல்களைத் தந்தார். ஆனால் நம் தலைப்புக்கு அடித்தளமாக அமைந்தது அவற்றின் அடியில் உள்ள 'டெஸ்ட்::பில்டர்'. குரோமேட்டிக் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலாளர் தொடங்கிவைத்த நிரலை ஷ்வெர்ன் வளர்த்தெடுத்தார். அது வருவதற்கு முன் ஒவ்வொரு சோதனை மாட்யூலும் தன் கணக்கைத் தானே வைத்திருந்தது. இரண்டை ஒரே கோப்பில் சேர்த்தால் எண்கள் மோதின. சோதனை எண்ணிக்கைக்குப் பொதுவான ஒரே கணக்கை 'டெஸ்ட்::பில்டர்' ஏற்படுத்தியது. இன்று நம்மில் யாரும் ஒரு புதிய சரிபார்ப்பை எழுதி, அதைப் பிறர் எழுதியவற்றோடு தயக்கமின்றிக் கலக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த முடிவே. 2002-இல் வந்த பெர்ல் 5.8-உடன் இவை மொழியின் அங்கமாகவே ஆகிவிட்டன.

அதே 'டெஸ்ட்::பில்டர்' நமக்கு இன்னொன்றையும் தந்தது. சோதனை தோற்கும்போது எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அது சொல்லும். நாம் ஒரு சரிபார்ப்பை உதவிச் செயற்கூறுக்குள் வைத்துவிட்டால், அது சுட்டும் வரி உதவிக்குள் இருக்கும் வரியாகிவிடுகிறது. அந்த உதவியை அறுபது இடங்களில் அழைத்திருந்தால், அறுபது இடங்களில் எது உடைந்தாலும் ஒரே வரி எண்தான் திரையில் தோன்றும். இதைத் தீர்க்கவே 'லெவல்' என்ற மாறி இருக்கிறது. செயற்கூறின் முதல் வரியில் அதன் மதிப்பை உள்ளூர் அளவில் ஒன்று கூட்டினால் போதும். அழைத்தவரின் வரியை அது காட்டும். சாட் கிரானம் முன்னெடுத்த 'டெஸ்ட்2', பெர்ல் 5.26-உடன் 2017-இல் மொழிக்குள் வந்தபோது, இந்தப் பொறுப்புக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது. உதவி தொடங்கும்போது ஒரு சூழலைப் பெறுகிறோம், முடியும்போது விடுவிக்கிறோம். எந்த வழியைப் பின்பற்றினாலும் கடமை ஒன்றே: தவறு நேர்ந்த இடத்தை உதவி மறைக்கக் கூடாது.

இனி வலைப்பக்கம் வருவோம். கிஸ்லே ஓஸின் 'எல்டபிள்யூபி' நூலகம் பெர்லுக்கு எச்டிடிபி கோரிக்கையையும் மறுமொழியையும் கையாளும் வழியைத் தந்தது. அதன் மேல் ஆண்டி லெஸ்டர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ::மெக்கனைஸ்' என்ற, இணைப்புகளைப் பின்தொடர்ந்து படிவங்களை நிரப்பும் நிரல்வழி உலாவியை அமைத்தார்; அதைச் சோதனைக்கு ஏற்றவாறும் விரித்தார். 2009-இல் தட்சுஹிகோ மியாகாவா உருவாக்கிய 'பிஎஸ்ஜிஐ', 'பிளாக்' இரண்டும் பெரிய திருப்பம். செயலி என்பது ஒரு செயற்கூறு. சூழல் விவரங்களை வாங்கிக்கொண்டு, நிலை எண், தலைப்புகள், உடல் என மூன்றைத் திருப்பித் தரும். அவ்வளவே. ஆகவே 'பிளாக்::டெஸ்ட்' சர்வரை எழுப்பாமலே செயலியைச் சோதிக்கிறது. வேண்டும்போது ஒரு சூழல் மாறியை மாற்றினால் அதே சோதனையை உண்மையான சர்வர் மீது ஓட்டுகிறது. செபாஸ்டியன் ரீடலின் 'மோஜோலீஷியஸ்' தன்னுடனே 'டெஸ்ட்::மோஜோ'வைக் கொண்டுவந்தது. பக்கத்தைப் பெறு, நிலை 200-ஆ பார், இந்தத் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறதா பார் என்று சங்கிலியாகச் சொல்லிக்கொண்டே போகலாம்.

இந்தக் கருவிகள் இருக்க நாம் ஏன் தனியாக உதவிகள் எழுத வேண்டும்? இவை எச்டிடிபியின் மொழியைப் பேசுகின்றன. நம் செயலியின் மொழியைப் பேசுவதில்லை. 'நிலை 302' என்பது கருவியின் கூற்று. 'தடை செய்யப்பட்ட உறுப்பினர் நூலை இரவல் பெற முடியாது' என்பது நம் செயலி உலகுக்கு அளிக்கும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை அப்படியே சொல்லவும் சோதிக்கவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் உதவிச் செயற்கூறு.

நூலகத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்பொருளுக்கு நான் அறிந்த சிறந்த பள்ளிக்கூடம் 'கோஹா' என்னும் கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெர்லில் அமைந்தது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல கல்லூரி நூலகங்களில் இன்று நூல் இரவலும் திருப்பலும் அதன் வழியாகவே நடக்கின்றன. அதன் சோதனைக் கோப்புறை யாரும் திறந்து படிக்கக்கூடியது. இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அங்கே 'டெஸ்ட்பில்டர்' என்று ஓர் உதவி மாட்யூல் இருக்கிறது; முன்பு சொன்ன 'டெஸ்ட்::பில்டர்' வேறு, இது வேறு. 'ஓர் உறுப்பினர் வேண்டும்' என்று கேட்டால், தரவுத்தள அமைப்பைப் படித்து, அந்த உறுப்பினருக்குத் தேவையான கிளை நூலகம், உறுப்பினர் வகை ஆகியவற்றையும் தானே உருவாக்கிக் கொடுத்துவிடும். நாம் குறிப்பிடாத புலங்களைத் தற்போக்கான மதிப்புகளால் நிரப்பும். இது பெரும் வசதி. ஆனால் இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. தற்போக்கில் வரும் மதிப்பு அந்த உறுப்பினரைத் தடை செய்யப்பட்டவராகவோ அட்டையைத் தொலைத்தவராகவோ ஆக்கிவிட்டால் இரவல் சோதனை தோற்கும். மறுமுறை ஓட்டினால் தேறும். காரணமின்றித் தோற்று, காரணமின்றித் தேறும் சோதனையைப் போல் ஒரு குழுவின் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. அதனால்தான் அந்த மாட்யூலில் தடை, தொலைந்த அட்டை, முகவரியின்மை போன்ற புலங்களுக்கு முன்கூட்டியே வெற்று மதிப்புகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சில வரிகளுக்குள் அனுபவம் உறைந்திருக்கிறது. சோதனைக்குத் தொடர்பில்லாதவற்றில் தற்போக்கு இருக்கலாம். முடிவை மாற்றக்கூடியவற்றில் இருக்கக் கூடாது.

இன்னும் சிலவற்றை அங்கே காணலாம். தரவுத்தளத்தைத் தொடும் சோதனைகள் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, இறுதியில் அதைப் பின்வாங்கிவிடுகின்றன. அடுத்த சோதனைக்குச் சுவடு மிஞ்சுவதில்லை. நூலகத்தின் அமைப்புத் தேர்வுகளைத் தரவுத்தளத்தில் மாற்றாமலே, சோதனைக்கு வேண்டிய மதிப்பில் இருப்பதாகக் காட்ட இன்னொரு உதவி இருக்கிறது. கோஹாவின் ரெஸ்ட் இடைமுகம் மோஜோலீஷியஸ் மீது அமைந்ததால், அந்தச் சோதனைகள் 'டெஸ்ட்::மோஜோ'வைக் கொண்டே எழுதப்படுகின்றன.

இவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துச் சொல்ல விழைகிறேன்.

முதலாவது, ஆயத்தம் செய்யும் உதவியையும் சரிபார்க்கும் உதவியையும் பிரித்து வையுங்கள். உறுப்பினரை உருவாக்குவதும் உள்நுழைவதும் ஆயத்தம். அது முடியாமல் போனால் காரணத்தைச் சொல்லி உடனே நிற்க வேண்டும். அரைகுறை ஆயத்தத்தோடு தொடர்ந்தால், பின்னால் வரும் தோல்விகள் அத்தனையும் பொய்த் தடயங்கள். சரிபார்க்கும் உதவியோ நிற்கக் கூடாது. ஒரே ஒரு முடிவை அறிவித்து, அது மெய்யா பொய்யா என்பதைத் திருப்பித் தர வேண்டும். உள்ளே பல படிகள் இருந்தால் துணைச்சோதனையாகக் கட்டி ஒரே முடிவாக்குங்கள்.

இரண்டாவது, தோல்விச் செய்தியில் கஞ்சத்தனமும் வேண்டாம், கொட்டித் தீர்த்தலும் வேண்டாம். 'நிலை 200 எதிர்பார்த்தோம், 500 வந்தது' என்பது போதாது. எந்த முகவரி, எந்தப் பயனர், திசைதிருப்பல் எங்கே போனது, பக்கத்தில் இருந்த பிழைச்செய்தி என்ன, இவை வேண்டும். முழு எச்டிஎம்எல் பக்கத்தையும் திரையில் இறக்கிவிட்டால் அதற்குள் காரணம் தொலைந்துபோகும்.

மூன்றாவது, எதிர்பார்க்கும் விடையைக் கணக்கிடச் செயலியின் நிரலையே அழைக்காதீர்கள். தாமதக் கட்டணத்தைச் சோதிக்கும் உதவி, செயலியின் கட்டணச் செயற்கூறையே கூப்பிட்டு ஒப்பிட்டால், கணக்கு தவறானாலும் இரு பக்கமும் ஒன்றாகவே தவறும், சோதனை தேறிவிடும். விடையை எண்ணாகவே எழுதுங்கள். ஐந்து நாள், நாளுக்கு 2 ரூபாய், ஆகவே 10 ரூபாய். படிப்பவருக்கும் விதி புரியும்.

நான்காவது, குறுக்குவழியைக் குறுக்குவழி என்று பெயரிட்டு வையுங்கள். ஒவ்வொரு சோதனையிலும் உள்நுழைவுப் படிவத்தை நிரப்புவது நேரத்தைத் தின்னும். செஷனை நேரே அமைத்துவிடும் உதவி விரைவானது. அதை ஏற்கிறேன். ஆனால் உண்மையான படிவத்தையும், போலிக் கோரிக்கையைத் தடுக்கும் அடையாளச் சொல்லையும், குக்கீயையும் கடந்து வரும் சோதனை ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். இல்லையேல் வாசற்கதவே திறக்காத செயலிக்கு நாம் நற்சான்று வழங்கிவிடுவோம்.

ஐந்தாவது, உதவியையும் சோதியுங்கள். அது தேற வேண்டிய இடத்தில் தேறுகிறதா என்பதோடு, தோற்க வேண்டிய இடத்தில் சரியான வரியோடும் செய்தியோடும் தோற்கிறதா என்றும் பாருங்கள். மார்க் ஃபௌலரின் 'டெஸ்ட்::பில்டர்::டெஸ்டர்' இதற்காகவே எழுதப்பட்டது. 'டெஸ்ட்2'வில் நிகழ்வுகளை இடைமறித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒருபோதும் தோற்காத சரிபார்ப்பு, சரிபார்ப்பே இல்லாததைவிடத் தீங்கானது. அது பொய்யான நிம்மதியைத் தருகிறது.

தமிழ்த் தரவைக் கையாளும் செயலிகளுக்குத் தனியே சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 'கொடி' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்றையே சேர்த்தும், எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும். திரையில் இரண்டும் ஒன்றே. பெர்லின் சமன்பாட்டுக் குறிக்கோ அவை வெவ்வேறு. கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரியும் இரண்டு வரிகளைக் காட்டி 'பொருந்தவில்லை' என்று சோதனை சொல்லும்போது ஒரு மாணவன் எவ்வளவு நேரம் தவிப்பான் என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பிடும் உதவி இரு பக்கத்தையும் 'யூனிகோட்::நார்மலைஸ்' கொண்டு ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தோற்றால் குறியெண்களையும் அச்சிட வேண்டும். ஒரே வடிவில் சேமிக்கிறதா என்பதே செயலியின் வாக்குறுதியானால், அதற்குத் தனிச் சரிபார்ப்பு எழுதுங்கள்.

நீளமும் அப்படியே. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியெண். யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட். தலைப்பை நாற்பது எழுத்தில் வெட்டும் பக்கத்தைச் சோதிக்கும் உதவி இவற்றுள் எதை எண்ணுகிறது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். மறுமொழியின் உடலைக் குறிநீக்கிய வடிவில் எடுப்பதும், சோதனை வெளியீடு, பிழை வெளியீடு ஆகிய தடங்களுக்கு யூடிஎஃப்-8 குறிமுறையை அமைப்பதும் ஒருமுறை உதவிக்குள் எழுதப்பட்டால், ஒவ்வொரு கோப்பிலும் அந்தப் போராட்டம் தேவைப்படாது.

அன்பர்களே, பெர்லில் புதிதாகத் தொடங்கப்படும் திட்டங்கள் முன்போல் இல்லை என்பது நாம் அறிந்ததே. அந்த நிலைதான் நம் பொருளை மேலும் இன்றியமையாததாக்குகிறது. பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை, அவற்றை எழுதாதவர்கள் பராமரிக்கிறார்கள். நூலகத்தில் வரிசையில் நிற்கும் மாணவரும், கணக்கை முடிக்க வேண்டிய எழுத்தரும் அவற்றை நம்பியிருக்கிறார்கள். நிரலை மாற்றத் துணிவு வேண்டுமானால், உடைந்தால் உடனே, தெளிவாகத் தெரியும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தருவது நல்ல சோதனை. அந்தத் தெளிவைத் தருவது நல்ல உதவிச் செயற்கூறு.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். கட்டுரை வழங்குவோர் தங்கள் உதவிச் செயற்கூறு தேறிய விதத்தோடு, அது தோற்றபோது திரையில் வந்த செய்தியையும் அவைக்குக் காட்டுங்கள். தமிழ் உரையை ஒப்பிடும் பொதுவான சோதனை மாட்யூல் ஒன்றின் வரைவை, இக்கருத்தரங்கு முடியுமுன் இளைஞர் குழு ஒன்று தொடங்கட்டும். அது பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சீபானில் எல்லோருக்கும் கிடைக்கும்படி அமையட்டும். பாடம் நடத்துவோர், நிரல் எழுதக் கற்பிக்கும் முதல் பருவத்திலேயே சோதனை எழுதவும் கற்பியுங்கள். மாணவர் எழுதிய சரிபார்ப்பை வேண்டுமென்றே தோற்கவைத்து, அந்தச் செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கூடியிருக்கும் உங்கள் உழைப்பின் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு. விவாதங்கள் கூர்மையாகவும் கண்ணியமாகவும் நடைபெற வாழ்த்தி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.