செயலி ஓடினால் மட்டும் போதுமா?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, புகார் எல்லாவற்றையும் ஒரே செயலியில் கொண்டுவரலாம் என்று செயற்குழு யோசிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், செயலி ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. அது நமக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. விற்க வருபவர் ஓடுவதைக் காட்டுவார். உதவுமா என்பதை நாம்தான் சோதிக்க வேண்டும்.

கோவின் தளத்தை நினைத்துப் பாருங்கள். 2021 மே 1-ஆம் தேதி 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, அதில் முன்பதிவு கட்டாயம். லட்சக்கணக்கானோர் பதிந்தார்கள், தளம் ஓடியது. ஆனால் ஆங்கிலம் தெரியாதவர், ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்ன செய்வார்? உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டது. மே 24-இல் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு அனுமதி வந்தது. மற்ற மொழிகள் ஜூனில்தான் வந்தன. பயன்படுத்தப்போகிறவரை முதலிலேயே கேட்டிருந்தால் இந்த அலைச்சல் குறைந்திருக்கும்.

நம் ஊருக்கே ஒரு தேவை உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அவசரத் தொலைபேசி எண்கள் செயலிக்குள் மட்டும் இருந்தால் அன்றைக்கு யாருக்கு என்ன பயன்?

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

1. நமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு பக்கத்தில் எழுதுவோம். தமிழில் ரசீது, ரொக்கமாகக் கட்டுவோருக்கும் வரவு, மாதம் ஒருமுறை அச்சுப் பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதி, செயலியை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவோம்.

2. தனியாக வசிக்கும் பெரியவர், வாடகைக்கு இருப்பவர், நம் வாட்ச்மேன் ஆகியோரிடம் ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம். பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டாம். எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

3. வங்கியில் கணினி வந்த காலத்தில் பேரேட்டையும் உடனே மூடிவிடவில்லை. சில காலம் இரண்டிலும் எழுதி, இருப்பு ஒத்துப்போன பிறகே பேரேட்டை விட்டோம். நாமும் இரண்டு மாதம் கணக்கு நோட்டையும் செயலியையும் சேர்த்தே நடத்துவோம். ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் கேட்போம்.

இவற்றில் தேறினால் ஆண்டுச் சந்தா கட்டலாம். உங்கள் வீட்டுத் தேவையை ஒரு வரியில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். பணம் கட்டுமுன் கேட்டால் அது தேவை. கட்டிய பின் கேட்டால் புகார்.