கரண்டுக் கம்பத்துக்கும் ஒரு வரைபடம்

(விருதுநகர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய உரை)

முன்பு கிராமத்துக் கர்ணத்திடம் ஒரு வரைபடம் இருக்கும். புல எண்ணைச் சொன்னால் எந்த வயல், யாருடைய வயல் என்று சொல்லிவிடுவார். அந்த வரைபடம் வரி வசூலிக்க வந்தது. பிறகு 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் குத்தகைதாரரின் பெயரும் பதிவேட்டில் ஏற வழி பிறந்தது. ஏடு ஒன்று இருந்தால் அதில் யாருடைய பெயர் ஏறுகிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது என்பதே கேள்வி.

இப்போது கரண்டுக் கம்பத்துக்கும் வரைபடம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் இந்த வரைபடத்துக்குப் புவியியல் தகவல் அமைப்பு என்று பெயர். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம்.

இது என்ன?

உப மின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் கம்பி புறப்படுகிறது. அதைப் பீடர் என்கிறோம். பீடரிலிருந்து டிரான்ஸ்பார்மர், டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருக் கம்பம், கம்பத்திலிருந்து நம் வீடு. இந்த வழி முழுவதும் நமது லைன்மேன்களின் மனசில்தான் பதிந்து கிடந்தது. அவர் ஓய்வு பெற்றால் வழியும் அவரோடு போயிற்று.

புதிய முறையில் ஊழியர் ஒரு சிறு கருவியோடு கம்பம் கம்பமாக நடக்கிறார். வானத்துச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு அந்தக் கம்பம் பூமியில் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் எண். எந்த வீட்டின் மின் இணைப்பு எண் எந்தக் கம்பத்தில், எந்த டிரான்ஸ்பார்மரில் சேர்கிறது என்றும் பதிகிறார்கள்.

மத்திய சர்க்கார் 2008-ல் கொண்டுவந்த திட்டத்தில் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியது. கடனாகக் கொடுத்து, குறித்தபடி முடித்தால் மானியமாக மாற்றுவது என்பது ஏற்பாடு. 30,000 ஜனத்தொகைக்கு மேற்பட்ட ஊர்களுக்கு முதல் இடம். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை எல்லாம் அந்த அளவைத் தாண்டியவை. கிராமங்கள் வரிசையில் பின்னால் நின்றன.

நமக்கு என்ன பயன்?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா ஜில்லாக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. வெளி ஜில்லாக்களிலிருந்து ஊழியர்கள் ஓடிவந்து சேற்றில் நின்று வேலை செய்தார்கள். புது ஊரில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யார் சொல்வது? வரைபடம் சரியாக இருந்தால் வந்தவருக்கு அதுவே வழிகாட்டி.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சுவிட்சை இறக்கிவிட்டு ஊழியர் கம்பம் ஏறுகிறார். அந்தக் கம்பிக்கு மறுபக்கத்திலிருந்து வேறொரு பீடரும் வருமானால்? பக்கத்து அச்சகத்து ஜெனரேட்டர் ஓடி, அதன் கரண்டு பின்வழியாகக் கம்பிக்கு ஏறுமானால்? இரண்டு வழி உள்ள இடமும் ஜெனரேட்டர் உள்ள இடமும் வரைபடத்தில் பதிந்திருந்தால் ஏறுமுன்பே எச்சரிக்கை கிடைக்கும். கம்பியை எர்த் செய்யாமல் ஏறக்கூடாது என்ற விதி அப்போதும் மாறாது.

மூன்றாவது, நமது பட்டாசு வட்டாரத்துக்கே உரியது. கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை விரிக்கலாம். மின்கம்பிகளின் வரைபடத்தின் மேல் பட்டாசு ஆலைகளின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், எந்த மருந்து அறைக்குப் பக்கத்தில் கம்பி போகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அது மின்சாரத்தால் வந்தது என்று சொல்ல வரவில்லை. தீப்பொறி எதிலிருந்து வந்தாலும் மருந்துக்கு ஒன்றுதான். அறுந்து விழும் கம்பி ஒன்று போதும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு பேச்சுக்கு, டிரான்ஸ்பார்மரிலிருந்து மாதம் 10,000 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சேர்ந்த மீட்டர்களைக் கூட்டினால் 8,000. மீதி 2,000 எங்கே? பழைய கம்பி சூடாகி விழுங்கியது கொஞ்சம், ஓடாத மீட்டர் கொஞ்சம், திருட்டு கொஞ்சம். இதைப் பிரித்துக் கண்டுபிடிக்கத்தான் வரைபடம்.

ஆனால் வரைபடம் தப்பாக இருந்தால்? ஒரு தெருவை வேறு டிரான்ஸ்பார்மரில் தவறாகச் சேர்த்துவிட்டால் ஓரிடத்தில் இல்லாத நஷ்டம் முளைக்கும், இன்னோரிடத்தில் உள்ள நஷ்டம் மறையும். நமது ராஜ்யத்தில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது, மதிப்பீடுதான். கணக்கில் வராத யூனிட்டையெல்லாம் பம்புசெட்டின் தலையில் கட்டுவது சுலபம். அப்புறம் “விவசாயிக்குக் கொடுத்தே வாரியம் நொடித்தது” என்று பேசுவதும் சுலபம். ஆகவே சரியான வரைபடம் நமக்கு வேண்டும். தப்பான வரைபடம் நமக்கு விரோதி.

யார் கையில்?

1957 ஜூலை 1-ல் பிறந்தது நமது மின்வாரியம். 2010-ல் அதைப் பிரித்தார்கள். 2024-ல் விநியோகத்தைத் தனிக் கம்பெனியாக வைத்தார்கள். மூன்று கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். இத்தனை வீடுகளின் விவரமும் ஜனங்களின் பணத்தில் சேர்ந்தது. ஜனங்களின் ஸ்தாபனத்திடமே இருக்க வேண்டும். 2021-ல் வந்த மத்தியத் திட்டம் முன்பணம் கட்டும் மீட்டரையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அந்த மீட்டரையும் வரைபடத்தையும் ஒன்றாய் வைத்துத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

வரைபடம் கம்பம் ஏறாது, தோழர்களே! ஏறுவது மனிதன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று சொல்லி ஆளைக் குறைத்து, ஒப்பந்தத் தொழிலாளியைக் கையுறை இல்லாமல் ஏற்றினால் அந்த வரைபடத்தால் யாருக்கு லாபம்? கம்பம் மாறும்போது படமும் மாற வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது நான்கு. நமது தெருவும் காலனியும் எந்த டிரான்ஸ்பார்மரில் பதிந்திருக்கின்றன என்று பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்போம். சாய்ந்த கம்பம், தொங்கும் கம்பியைக் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுப்போம். மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் சொல்வோம். பட்டாசு ஆலைகளுக்குப் பக்கத்துக் கம்பிகளின் பட்டியலைக் கேட்போம். மின் ஊழியர் தோழர்கள் ஆள் கேட்டும் பாதுகாப்புக் கருவி கேட்டும் நிற்கும்போது பக்கத்தில் நிற்போம்.

நிலத்தின் ஏட்டில் நம் பெயர் ஏற நெடுங்காலம் போராடினோம். இந்த ஏட்டை முதல் நாளிலிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம்!