அந்த நாலு பேர் நாமே
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில், மலேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆலோசக ஆசிரியை ஆற்றிய உரை)



தந்தைக்கே உபதேசம் செய்த குமரனைச் சுவாமிநாதன் என்று போற்றுகிறோம். மகன் உரைத்ததை ஈசனே செவிமடுத்தான். நம் இல்லங்களில் பிள்ளைகளின் சொல்லுக்கு நாம் செவி கொடுக்கிறோமா?

நம் பிள்ளைகளுள் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, மலாய்மொழி வழி நடைபெறும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகின்றனர். மொழியும் நட்பும் ஒருங்கே மாறும் அவ்வேளையில் குடும்பத்திலும் துயர் நேர்ந்தால் பிள்ளை தடுமாறுகிறது. அப்பிள்ளையைத் தாங்கவே ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவர் பிரம்பேந்தும் கட்டொழுங்கு ஆசிரியர் அல்லர். பொறுமையுடன் கேட்பதும், சிக்கலைப் பிரித்துக் காட்டுவதும், தேவையாயின் மருத்துவமனைக்கோ சமூகநல இலாகாவுக்கோ வழிகாட்டுவதும் அவர்தம் பணி. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெற்ற ஆலோசகர் இரகசியம் காக்க வேண்டுமென விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சில வேளைகளே அதற்கு விலக்கு.

மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் நாள்தோறும் வகுப்பில் உறங்கினான். சோம்பேறி என்று பெயரெடுத்தான். என்னிடம் வந்து இரு வாரம் வாய் திறக்கவில்லை. பின்னரே சொன்னான்: தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார், தாய்க்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, கைக்குழந்தையான தங்கையை இரவெல்லாம் அவனே பார்த்துக்கொள்கிறான்.

தாயாருக்கு மூன்று கடிதங்கள் அனுப்பியும் அவர் வரவில்லை. வந்த அன்று அழுதபடி சொன்னார்: "போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன், டீச்சர்." பகல் வேலைக்கு மாற்றம் கேட்க அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் முன்வந்தார். மகன் எஸ்.பி.எம். தேர்வு வரை படித்து முடித்தான்.

அன்பர்களே, அத்தாயார் அஞ்சிய நாலு பேர் யாவர்? கோவிலில் அவர் அருகே அமர்ந்து கும்பிடும் நாமே அல்லவா? மூன்று கடிதங்களின் காலம் வரை அப்பிள்ளையைக் காக்க வைத்தது நம் நாவின் மீதுள்ள அச்சமே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் தவறாது செல்லுங்கள். மலாய்மொழியில் பேசத் தயங்கும் பெற்றோருடன் நிர்வாகக் குழுவினர் ஒருவர் துணை செல்லட்டும். பிறர் வீட்டுத் துயரை வம்பாக்காதிருப்போம்.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பானாக.