வந்தது என்றும் வந்ததா என்றும்

தலைமன்னார்க் கடற்கரையில் காத்து நிற்போரை இருவகைச் சொற்கள் வந்தடையலாம். "படகு வந்தது என்று சொல்கிறார்கள்" என்பது ஒன்று. "படகு வந்ததா என்று கேட்கிறார்கள்" என்பது மற்றொன்று. முன்னது நெஞ்சை ஆற்றும். பின்னது கவலையைப் பெருக்கும். இரண்டையும் வேறாக்குவது 'ஆ' என்னும் ஓரெழுத்தே. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் நடைபெற்ற கப்பற் சேவையும் அதனோடு முடிவுற்றது. அத்தகைய புயலை அறிந்த கரையில், அவ்வோரெழுத்தின் பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

'படகு வந்தது' என்பது தனி வாக்கியந்தான். ஆயினும், "செய்தியைச் சொல்கிறார்கள்" என்பதில் 'செய்தி' என்னும் பெயர் நிற்கும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்யும் சிறு வாக்கியத்தையே ஆங்கில இலக்கணத்தார் 'நவுன் குளோஸ்' என்பர்.

தமிழ் அதனை 'என்று' எனும் சொல்லால் இறுதியில் முடிச்சிடுகிறது. ஆங்கிலமோ தொடக்கத்திலேயே முடிச்சிடுகிறது. உறுதியான செய்தியாயின் 'தட்' வரும்: "தே சே தட் த போட் ஹாஸ் கம்." ஐயமாயின் 'வெதர்' வரும்: "தே ஆஸ்க் வெதர் த போட் ஹாஸ் கம்." தமிழில் இரண்டிற்கும் 'என்று' பொதுவாதலின், மாணவர் இரண்டிடத்தும் 'தட்' என்றே எழுதிவிடுகின்றனர். அப்போது ஐயம் உறுதிபோல் ஒலிக்கிறது. தேடிப் புறப்பட வேண்டிய படகும் கரையிலே நின்றுவிடக்கூடும்.

மற்றொரு பிழையும் உண்டு. "படகு எங்கே இருக்கிறது?" என்பது ஆங்கிலத்தில் "வேர் இஸ் த போட்?" என்றாகும். ஆனால் "படகு எங்கே இருக்கிறது என்று அறிவேன்" என்னும்போது, "ஐ நோ வேர் த போட் இஸ்" என்பதே முறை. உள்ளே புகுந்தபின் அது கேள்வியன்று. ஆகவே 'இஸ்' தன் பழைய இடத்திற்குத் திரும்புகிறது. தமிழில் சொல்வரிசை மாறாமையால், 'வேர் இஸ்' என்பதையே மாணவர் உள்ளேயும் வைத்துவிடுகின்றனர்.

ஐயுற்றால் எளிய சோதனை ஒன்றுண்டு. அச்சிறு வாக்கியத்தை நீக்கி, 'இட்' என்னும் ஒரு சொல்லை அங்கே வைத்துப் பார்க்கலாம். "ஐ நோ இட்" எனப் பொருந்தினால், அங்கே நின்றது பெயரின் வேலையே.

ஆங்கிலம் கற்பிப்போர் விதிகளை ஒப்புவிக்கச் செய்யுமுன், பிள்ளைகளின் வீட்டு வாசலில் நாள்தோறும் கேட்கும் இத்தமிழ் வாக்கியங்களிலிருந்து தொடங்குவாராக. 'வந்தது' எது, 'வந்ததா' எது என்று அறிந்த பிள்ளைக்குத் 'தட்', 'வெதர்' இரண்டும் புதியனவல்ல; அறிந்த பொருளுக்கு வேறு பெயர்களே.