கூந்தலுக்கு ஒரு கட்டி

(மகளிர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு வழக்கு வருகிறது. நீர்விளையாட்டுக்குப் புறப்பட்ட குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் நறுஞ்சுண்ணமே உயர்ந்தது என்று வாதிடுகின்றனர். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு சீவகனிடம் வந்து சேர்கிறது. அவன் குணமாலையின் சுண்ணமே சிறந்தது என்கிறான். சான்று கேட்டபோது இரண்டையும் வானில் தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் பொடியை நாடி மொய்க்கின்றன. தோற்ற சுரமஞ்சரி நீராடாமலே சினத்துடன் மாடம் திரும்புகிறாள். நீராட்டுப் பொருளின் தரம் பற்றி இத்துணை நுட்பமாக ஒரு காப்பியம் பேசியிருப்பது வியப்பன்று. உடம்பில் பூசும் பொருள் எது, எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் இச்சமூகத்திற்குப் புதிதன்று என்பதற்காகவே அக்கதை இங்கு நினைவு கூரப்பெற்றது.

அந்த வழக்கு அண்மையில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஓர் இல்லத்தில், மீண்டும் எழுந்தது. இம்முறை வழக்காடியவர்கள் ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும்.

சென்னைப் புறநகர் ஒன்றில் விடுதியில் தங்கிக் கணினிப் பணி புரியும் அப்பேத்தி, விடுமுறைக்கு ஊர் வந்தபோது காகிதத்தில் சுற்றிய இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று தலை கழுவும் ஷாம்பூக் கட்டி. மற்றொன்று கழுவிய பின் கூந்தலை மென்மையாக்கும் கண்டிஷனர் கட்டி. பிளாஸ்டிக் புட்டி இல்லை, பொட்டலம் இல்லை, சிந்துவதும் இல்லை என்று அவள் பெருமையோடு எடுத்துரைத்தாள். பாட்டி கட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

“இதுல என்ன கொழுப்பு போட்டிருக்கான்னு கேட்டியா, கண்ணு?”

பேத்தி கேட்டிருக்கவில்லை.

அக்கேள்வியில் ஒரு தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. இறக்குமதி செய்யப்பட்ட மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்ட செய்தி 1983-ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கிற்று. அன்று முதல் பல வீடுகளில் வனஸ்பதி வாசற்படி ஏறவில்லை. ஆனால் வாய்க்குள் செல்வதை ஆராய்ந்த அதே வீடுகள், குளியலறைக்குள் வந்ததை ஆராயவில்லை. அதே 1983-ஆம் ஆண்டில்தான் கடலூரில் சிக் ஷாம்பூ தொடங்கப்பெற்றது. சில்லறைக் காசுக்கு ஒரு பொட்டலம் என்று சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் ஷாம்பூ தோரணமாகத் தொங்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். கடலூர் என்றதும் திருப்பாதிரிப்புலியூர் நினைவுக்கு வராமல் போகாது. லோகவிபாகம் கி.பி. 458-இல் முற்றுப்பெற்ற பாடலி அதுவே என்பர் அறிஞர். அவ்வூரிலிருந்து கிளம்பிய பொட்டலம் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் நுரையையும் மணத்தையும் தந்தது. அதனைக் குறை சொல்வது முறையாகாது. ஆயினும் பல அடுக்குகள் ஒட்டிய அவ்வுறைகளைப் பிரித்து மறுபடி பயன்படுத்த வழியில்லாமையால், அவை இன்றும் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கிடக்கின்றன.

அதற்கு முன்பு தலைக்குக் குளிப்பது சீயக்காயால். கொங்குப் பக்கத்தில் அரப்பால். சீயக்காயோடு பச்சைப்பயறும் வெந்தயமும் உலர்ந்த எலுமிச்சைத் தோலும் சேர்த்து இயந்திரத்தில் அரைத்து வைத்துக்கொள்வர். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பர். கண்ணில் பட்டால் எரியும். முடிக்குள் துகள் தங்கும். கல் தளத்தில் வழுக்கும். பாட்டிமார் இவற்றைச் சொல்வதில்லை. பேத்திமார் இவற்றை மட்டுமே சொல்வர். சீயக்காயில் உள்ள சபோனின் என்னும் இயற்கைப் பொருள் நுரைத்து அழுக்கை நீக்குகிறது. அதன் கரைசல் சற்றே அமிலத் தன்மை உடையது. தலைத்தோலின் தன்மையும் அவ்வாறே சற்று அமிலம் சார்ந்தது. இப்பொருத்தத்தை மறவாமல் கொண்டால் கட்டிகளைப் பற்றிய செய்தி எளிதில் விளங்கும்.

ஷாம்பூ என்னும் சொல்லே இந்நாட்டிலிருந்து போனதுதான். அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லின் திரிபு அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தி அச்சொல்லைப் பரப்பினார். தலை கழுவுதல் என்னும் பொருள் பின்னர் ஏறியது. ஜெர்மனியில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903-இல் விற்றது ஷாம்பூத் தூள்; அவரது நிறுவனம் நீர்ம ஷாம்பூவைக் கொணர்ந்தது 1927-இல். ஆகவே புட்டியில் அடைத்த நீர்மத்தின் வரலாறு நெடியதன்று. புட்டியில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீரே. அத்தண்ணீரை நீக்கி, கழுவும் பொருளை மட்டும் இறுக்கிக் கட்டியாக்கும் முயற்சி 1980-களின் இறுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது.

கட்டிகளில் இரு வகை உண்டு. இவ்வேறுபாடு அறியாமையே பலர் ஒருமுறை வாங்கிவிட்டு மூலையில் போட்டுவிடக் காரணம். முதல் வகை, எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சோப்பு. பெயர் மட்டும் ஷாம்பூ. சோப்பு எதுவாயினும் காரத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9 அல்லது 10 இருக்கும். தலைத்தோலுக்கு ஏற்றதோ ஏறத்தாழ 5.5. காரம் பட்டால் முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் விரிந்து ஒன்றோடொன்று சிக்கும். உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீராயின் மேலும் ஒரு தொல்லை. அந்நீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் சோப்போடு கூடித் தயிர்த் திரட்டு போல முடியில் படியும். விடுதியில் பேத்தியின் கூந்தல் பிசுபிசுத்ததற்குக் காரணம் இதுவே. அவளோ தன் முடியைத்தான் நொந்துகொண்டாள்.

இரண்டாம் வகை சோப்பே அன்று. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலத்திலிருந்து செய்யப்படும் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் போன்ற மென்மையான கழுவுபொருளைக் கட்டியாக அழுத்தியது. இது கடின நீரிலும் திரட்டாகாது, பி.எச். அளவையும் தலைத்தோலுக்கு இசைய அமைக்கலாம். உறையில் சோடியம் பாமேட், சோடியம் கோகோயேட் என்று முதலிலேயே இருந்தால் அது சோப்பு. ஐசெத்தியோனேட் என்று இருந்தால் இரண்டாம் வகை. சோப்பு வகையே வாய்த்துவிட்டால், இறுதியில் ஒரு சொம்பு நீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அலசலாம். பிற நாட்டார் இதற்கு வினிகர் சொல்வர். புளிக்கவைத்த பொருளை விலக்கும் இல்லங்களுக்கு எலுமிச்சையே போதும்.

கண்டிஷனர் கட்டியின் வேலை வேறு. கழுவிய முடியில் எதிர்மின் தன்மை மிகுந்திருக்கும். நேர்மின் தன்மையுடைய பொருள் அதில் மெல்லிய படலமாக ஒட்டிச் சிக்கலைத் தளர்த்தும். பெரும்பாலும் இப்பணியைச் செய்வது பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீடு எண்ணெயிலிருந்து அது பெறப்படுகிறது. அதனுடன் கோகோ வெண்ணெயும் செட்டைல் ஆல்கஹாலும் சேரும். ஆல்கஹால் என்பதும் மதுவன்று. மெழுகு போன்ற வெண்ணிறத் திடப்பொருள். ஆனால் அதன் பிறப்பு அறியத் தக்கது. பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரல் 1817-இல் அதனை முதலில் பிரித்தெடுத்தது திமிங்கிலத்தின் தலைக் கொழுப்பிலிருந்து. திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அப்பெயரில் ஒட்டியிருக்கிறது. இன்று அது பெரும்பாலும் பனைவகை எண்ணெயிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் வருகிறது. ஒரே பெயருக்குள் உயிர்க்கொலையும் இருக்கலாம், தேங்காயும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

பாட்டியின் கேள்விக்குப் பிறகு பேத்தி உறையைப் பிரித்துப் படித்தாள். ஷாம்பூக் கட்டியில் ஸ்டியரிக் ஆசிட் இருந்தது. கண்டிஷனர் கட்டியில் ஹைட்ரோலைஸ்டு சில்க், அதாவது பட்டிலிருந்து பெற்ற புரதம். உறையின் முகப்பிலோ ‘இயற்கை’ என்றும் ‘கொடுமையற்றது’ என்றும் பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டும் பொய்யல்ல. கொடுமையற்றது என்பது விலங்குகளின் மீது சோதிக்கப்படவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். அழகுப்பொருள்களை விலங்குகளின் மீது சோதிப்பதை இந்திய அரசு 2014-ஆம் ஆண்டிலேயே தடை செய்து, அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் அதே ஆண்டில் தடுத்துவிட்டது. ஆகவே சட்டம் விதித்ததையே சிறப்பாகச் சொல்லிக்கொள்வதுதான் அது. இயற்கை என்னும் சொல்லுக்குள்ளோ தேனும், தேன்மெழுகும், ஆட்டு மயிரின் கொழுப்பாகிய லானோலினும், கொம்பு குளம்பிலிருந்து எடுக்கும் கெரட்டினும் தாராளமாக அடங்கும். விலங்கு சார்ந்த பொருள் எதுவும் இல்லை என்று உறுதி கூறும் சொல் ‘வீகன்’ ஒன்றே. சோடியம் டாலோவேட் என்று கண்டால் அது விலங்குக் கொழுப்பின் சோப்பு. மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின் போன்றவை ஐயத்திற்குரியவை. அவை இரு வழியிலும் வரும்.

பட்டு என்றதும் பேத்தி விடவில்லை.

“உங்க பட்டுப்புடவை பெட்டியில இருக்கே, பாட்டி?”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “அது கல்யாணத்துக்கு எடுத்தது. பட்டு எப்படி எடுக்கறாங்கன்னு முனி மகராஜ் சொன்னப்புறம் ஒண்ணுகூட எடுக்கலை. தெரியாம உடுத்தினது வேற. தெரிஞ்சு தலையில பூசறது வேற.”

பேத்தி செய்தது ஒரு நல்ல காரியம். கட்டியைச் செய்தவர்களுக்கே ஸ்டியரிக் ஆசிட் எதிலிருந்து வருகிறது என்று கேட்டு எழுதினாள். சில நாளில் மறுமொழி வந்தது. மூலப்பொருள் தருபவர் மாறுவதால் தாவரமா விலங்கா என்று உறுதி கூற இயலாது என்பது அதன் சாரம். நேர்மையான விடை. அத்துடன் அந்தக் கட்டிகள் இரண்டும் துணி துவைக்கும் கல்லுக்குப் போயின. அங்கும் அவற்றைப் பாட்டி தொடவில்லை என்பது வேறு செய்தி.

அடுத்த முறை அவள் வாங்கிவந்தது ஐசெத்தியோனேட் வகை. வீகன் என்று குறிக்கப்பெற்றது. பொருள்கள் அனைத்தும் தாவரத்திலிருந்தே வருவன என்று செய்தவர்கள் எழுத்தில் உறுதி தந்தது. விலை புட்டியைவிடக் கூடுதல்தான். அதிலும் பனைவகை எண்ணெயின் பங்கு இருந்தது. அவ்வெண்ணெய்க்காக இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகள் அழிக்கப்பட்டதை அவள் மறைக்கவில்லை. கேட்ட பாட்டி சொன்னார்: “துறவிங்க கையாலயே கேசலோசம் செஞ்சுக்கறாங்க. நாம முடிய வச்சுக்கிட்டு இருக்கோம். வச்சிருக்கற வரைக்கும் எது குறைச்சலான இம்சையோ அதைப் பாரு.”

கட்டியைப் பயன்படுத்தும் முறை பற்றி ஒரு சொல். அதனை நேராக முடியின் மேல் போட்டு இழுத்தல் கூடாது, சிக்கு விழும். தலையை நன்றாக நனைத்து, ஈரக் கைகளுக்கிடையே கட்டியை உருட்டி, நுரையை மட்டும் விரல் நுனியால் தலைத்தோலில் தேய்க்க வேண்டும். நன்கு அலசியபின், கண்டிஷனர் கட்டியைக் கூந்தலின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசலாம். தலைத்தோலில் பட்டால் பிசுக்கேறும். எண்ணெய் தேய்த்த நாளில் நுரை முதல் முறை எழாது. இருமுறை தேய்க்க நேரும். எல்லாவற்றினும் முதன்மையானது காயவைத்தல். துளையுள்ள தட்டில் வைக்காமல் ஈரக் கிண்ணத்தில் விட்டால், கட்டி சில நாளில் களிம்பாகிவிடும். கட்டி சீக்கிரம் தீர்கிறது என்னும் குறை பெரும்பாலும் இதனால் எழுவதே. கத்தியால் பாதியாக அறுத்து ஒரு பாதியை உலர்ந்த இடத்தில் வைத்திருப்பது சிக்கனம்.

அவ்வாறு அறுத்த பாதிக் கட்டிதான் சம்மேத சிகர்ஜி யாத்திரைக்குப் போயிற்று. நெடுந்தொலைவு இரயில் பயணம்; முந்தைய யாத்திரையில் ஷாம்பூப் புட்டி திறந்துகொண்டு பூசைக்கு வைத்திருந்த வெள்ளைப் புடவை முழுதும் நனைந்ததைப் பாட்டி மறந்திருக்கவில்லை. இம்முறை ஒரு சிறு தகர டப்பியில் கட்டி இருந்தது. இருபது தீர்த்தங்கரர் முத்தி பெற்ற அம்மலையில் ஏறி, சுற்றி, இறங்க 27 கிலோமீட்டர். மதுவனத்தில், இருட்டு விலகாத குளிரில், மலையேறுமுன் தலை முழுகிய பாட்டிக்கு விரைவில் அலசி முடிந்தது. முடியில் துகள் இல்லை, கண்ணிலும் எரிச்சல் இல்லை. உடன் வந்த மாதர் இருவர் அந்தக் கட்டியையே கேட்டு வாங்கினர். டப்பி திரும்பி வந்தபோது உள்ளே நகக்கண் அளவே எஞ்சியிருந்தது.

வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இன்றும் சீயக்காய்தான். இயந்திரத்தில் அரைத்த தூள் தூக்குப் பாத்திரத்தில் இருக்கிறது. பேத்தியின் கட்டி சன்னல் ஓரத் தட்டில் காய்கிறது. யாத்திரையிலிருந்து திரும்பிய வாரத்தில் பாட்டி பேத்தியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்.

“அந்தக் கட்டி செய்யறவங்களுக்கு மறுபடி ஒரு கடுதாசி எழுது, கண்ணு. சீயக்காய்ல இந்த மாதிரி ஒண்ணு, தூள் தங்காம, கண்ணு எரியாம, செய்ய முடியுமான்னு கேளு. காய் வேணும்னா நம்ம வீட்ல இருக்குன்னு சொல்லு.”