கத்திக்கு முன்னே மருந்து



பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த கால்கள் முதுமையில் தேய்ந்து வலிப்பதுண்டு. மற்ற சிகிச்சைகளால் தீராத முழங்கால் வலிக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை உள்ளது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளை இதற்காக நாடும் குடும்பத்தினரிடையே ஒரு கவலை எழுவது இயல்பே. "இவ்வளவு பெரிய அறுவை, கிருமி மருந்தை ஓர் ஊசியோடு நிறுத்திவிட்டார்களே! பத்து நாளைக்காவது கொடுக்க வேண்டாமா?" என்பதே அது.

இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வோம். நம் தோலில் எப்போதும் கிருமிகள் வாழ்கின்றன. கத்தி படும்போது அவற்றுட் சில உள்ளே புகக்கூடும். உலோக மூட்டில் இரத்த ஓட்டம் இல்லை. அதில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் தம்மைச் சுற்றிப் படலம் அமைத்துவிட்டால் மருந்து எளிதில் அவற்றை எட்டாது. சில வேளைகளில் பொருத்திய மூட்டையே கழற்ற நேரிடும். ஆகவே, கிருமி புகும் வேளையில் மருந்து இரத்தத்திலும் தசையிலும் தயாராக இருத்தல் வேண்டும்.

1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைக் கொண்டு வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. கீறலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுள் ஆயிரத்துக்கு 6 பேருக்கே புண்ணில் கிருமி தொற்றியது. கீறி மூன்று மணி நேரம் கடந்தபின் பெற்றவர்களுள் அது ஆயிரத்துக்கு 33 ஆயிற்று.

செபாசோலின் என்னும் மருந்தே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. கீறலுக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் அது நரம்பு வழியாகச் செலுத்தப்படும். தொடையில் இரத்தத்தை நிறுத்தும் பட்டை இறுக்கப்படுமானால், அதற்கு முன்பே மருந்து சென்றிருக்க வேண்டும். அறுவை நீண்டால் மறுமுறையும் கொடுப்பர். அறுவை முடிந்தபின், தடுப்புக்கென்று அதனைத் தொடர வேண்டாம் என 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. தேவையின்றித் தொடர்ந்தால் வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகள் வரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும்.

நம் கடமைகளும் சில உள. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுக. இனிப்புநீரைக் கட்டுப்படுத்துக. காற்புண், கொப்புளம், சொத்தைப் பல் ஆகியவற்றை மறைக்காதீர். அறுவைக்கு முன் வீட்டில் முடி மழிக்காதீர். எஞ்சிய பழைய மாத்திரைகளை விழுங்காதீர். வீடு திரும்பியபின் காய்ச்சல், சிவப்பு, சீழ் தோன்றினால் மருந்துக் கடையை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. அப்போது தேவைப்படுவது தடுப்பு மருந்தன்று; முறையான சிகிச்சையே.

ஓர் ஊசியோடு நிறுத்துவது அலட்சியமன்று. உரிய வேளையில் உரிய அளவில் செய்யப்படும் காவலே அது. இதனை அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்போம்.