‘இனி எழமாட்டார்’ என்னும் சொல்

நோய் விசாரிக்கச் செல்லும் நாம், முதுகுத்தண்டில் அடிபட்டவர் செவியுறவே ‘இனி எழமாட்டார்’ என்று கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு நம் கையில் இல்லை.

2014இல் பிரேசிலில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில், கால்கள் செயலிழந்த ஜூலியானோ பிண்டோ, மூளையின் மின்னலைகளை அறிந்து இயங்கும் இயந்திரக் கவசம் பூண்டு பந்தை உதைத்தார். அது சில நொடிக் காட்சிதான்; அதனினும் பெரிய செய்தி பின்னர் வந்தது. விஞ்ஞானி மிகுவல் நிகோலெலிஸ் குழுவினர், காயமுற்று ஆண்டுகள் பல கடந்த 8 பேருக்கு 12 மாதங்கள் அத்தகைய நடைப்பயிற்சி அளித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். முன்போல் நடந்தவர் எவருமிலர். ஆயினும் எண்மருக்கும் காயத்திற்குக் கீழே உணர்ச்சி ஓரளவு மீண்டது; தசைகள் சிலவும் அசைந்தன.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அச்சலுகையைக் காட்டி ‘பயிற்சி எதற்கு?’ என்போரும் நம்மிடையே உளர். பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வாகனமும் ஆளும் அற்ற வீடுகளை நிர்வாகத்தினர் கேட்டறிந்து உதவ வேண்டுகிறோம்.